வெயிலுக்கு அரைப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சோலார் விற்க வந்தவர்களில், 'தெரியலையே' என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டிவி ஓடும், ரைஸ் குக்கர் ஓடும், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹட்டனுக்கு இறங்கிவிடுவார்கள். இவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். "மிஸ், இது மழைக்கு நிக்குமா?" "தெரியலையே. இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்." "மிஸ், எங்க வீட்டுக்கு எத்தனை தகடு வேணும்?" "தெரியலையே." ஒருநாள் "டீ குடிக்கிறீங்களா மிஸ்" என்று கேட்டதற்குக்கூட 'தெரியலை' என்று ஆரம்பித்து, பாதியில் தானே சிரித்துவிட்டார்.

பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் சோலார் மிஸ். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோளில் காக்கிப் பை, ஒரு கம்பி முறிந்த குடை, ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் உப்பு முடிச்சு. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. அதனால் எங்கள் பேச்சைத்தான் பேசினார். கடைத்தெரு முதலாளியிடம் சிங்களம் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும்.

எங்கள் டிவிசனில் நின்று பார்த்தால் கீழே நோட்டன் பிரிட்ஜ் அணைத் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் கரண்டு செய்கிறார்கள். அது எங்கள் தலைக்கு மேலேயே கம்பியில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. எங்கள் லயத்துக்கும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. காற்றடித்துச் சவுக்கு மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் மூன்று நாள், நாலு நாள் இருட்டு. நாடு முழுக்கக் கரண்டு வெட்டிய வருஷம் வந்தபோது கொழும்பில் இருந்தவர்கள் அழுதார்கள். எங்களுக்கு அது பழகிய சங்கதி. அதற்குப் பிறகு பில்லும் ஏறியது. அப்போதுதான் இந்தச் சோலார் ஆட்கள் மலை ஏற ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் இவர் வந்து செய்த வேலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லயத்தில் வீடு வீடாகப் போய், "துவைச்ச துணி யார் வீட்டுல மொதல்ல காயுது?" என்று கேட்டார். சோலார் விற்க வந்த பெண் எதற்குத் துணியைப் பற்றிக் கேட்கிறது என்று எல்லோரும் முழித்தோம். ஆனால் இப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை. பதில் சொல்ல ஆளுக்கு ஆள் முந்தினார்கள். கடைசி வீட்டில் பத்து மணிக்கே காய்ந்துவிடும், நடு வீட்டில் பள்ளிக்கூடச் சட்டையை அடுப்புக்கு மேல்தான் தொங்கவிட வேண்டும், இன்னார் தன் வீட்டுத் துணியை இன்னார் வேலியில் போடுகிறாள் என்று பழைய சண்டைகளெல்லாம் வெளியே வந்தன. அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரு தகடுகூட விற்காமல் நாலு மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். விற்க வந்தவர் விற்காமல் போகிறாரே என்று எனக்கு அன்றே ஆச்சரியம். அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதம் வெயிலுக்குப் பேர் போடாத வீட்டுக்குத் தகடு தரமாட்டார்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன கிலோ கொழுந்து எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைச் சம்பளம். போகாவிட்டால் பேர் இல்லை. அதையே அவர் சூரியனுக்கு வைத்தார். கடைத்தெருவில் கொடுக்கிற சாமிப்படக் கலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குமல்லவா, அதில் போட வேண்டும். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று மடுவத்துக் கொட்டகையில் மூன்று தரம் நிறுக்கும்போது, வீட்டில் இருக்கிறவர் வாசலில் நின்று கையை விரித்து நீட்ட வேண்டும். ஐந்து விரலும் தரையில் தனித்தனி நிழலாக விழுந்தால் சூரியன் வேலைக்கு வந்திருக்கிறது. மூன்று தரமும் வந்தால் முழுப்பேர், ஒன்றிரண்டு தரம் வந்தால் அரைப்பேர். நிழலே விழாத நாள் பேர் இல்லை.

"மழைக் காலம் கட்டாயம் அதுக்குள்ள வரணும்" என்றார். "வெயில் காலத்துல எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்."

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே போட்டோம். இத்தனை வருஷம் எங்களுக்கு யாரோ பேர் போட்டார்கள், யாரோ வெட்டினார்கள். இப்போது பேர் போடுகிற கை எங்கள் கையாக இருந்ததில் ஒரு குஷி. அந்தியில் தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சுத்தான்.

"இன்னைக்கு என்ன பேரு ஒங்க வீட்டுல?"

"அரைப்பேருதான். பகலுக்கு மேல ஆளக் காணோம்."

"நம்மள மாதிரி மேலுக்கு முடியலன்னு படுத்துருச்சாக்கும்."

கடைத்தெருவில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் முதலாளிக்குக் கலண்டரில் போட நேரமில்லையாம். முழுப்பேர் நாளில் சோடாப் போத்தல் மூடி ஒன்றை ஒரு ஜாடியில் போட்டார், அரைப்பேர் நாளில் மூடியை மடித்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து மிஸ் அந்த ஜாடியைக் கடை மேசையில் கொட்டி, மடித்தது ஒரு பக்கம், மடிக்காதது ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்துவிட்டு, ஃபிரிஜ்ஜுக்குப் போதாது, விளக்குக்கும் ஃபோன் சார்ஜ் போடவும் போதும் என்று சொன்னார். முதலாளி ஃபிரிஜ்ஜுக்கென்றுதான் ஆசைப்பட்டிருந்தார். ஆனாலும் மூடிகளைத் தானே போட்டவர் எப்படி மறுத்துப் பேசுவார்? "ஹரி மிஸ், ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கடையில் விளக்கு எரிகிறது.

தலைவர் கதை இன்னும் நல்லது. எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவருக்கு மாரியம்மன் கோயில் கூரையில் தகடு போட வேண்டும் என்று பிடிவாதம். மிஸ் கோயில் படியில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு எழுந்து வந்து, "இதுக்கு மேல மரம் நிக்குது, சரிப்படாது. அந்தக் காச பிள்ளை மடுவத்துக் கூரையில போடலாம்" என்றார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் பிள்ளை மடுவம்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மனுக்கே இல்லேங்கிறீங்களா மிஸ்?"

"நான் சொல்லல தலைவரே. அம்மனுக்கு மரம் வேணுமா லைட்டு வேணுமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

தலைவர் அம்மனிடம் கேட்டாரோ என்னவோ, தகடு பிள்ளை மடுவத்துக்குத்தான் போனது.

ஏன் இந்த மிஸ் இப்படி என்று எனக்கு ஒரே குடைச்சல். விற்றால்தான் இவருக்குச் சம்பளம் என்று எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க ஒரு லயத்தில் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எத்தனை வீட்டுக்கு விற்க முடியும்? மூன்று தரம் கேட்டுப் பார்த்தேன். முதல் தரம், 'தெரியலையே'. இரண்டாம் தரம், "கண்ணால பாக்காம சொன்னா எனக்குச் சோறு எறங்காதுக்கா" என்றார். மூன்றாம் தரம் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்தாங்க. ஈரத்துக்குன்னு கழிப்பாங்க, சாக்குக்குன்னு கழிப்பாங்க. அவங்க மெய்யா எடுத்த கொழுந்து எத்தனை கிலோன்னு கடைசி வரைக்கும் அவங்களுக்கே தெரியாது."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி என் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

நான் பதினெட்டு வருஷம் மலையில் கொழுந்தெடுத்தவள். முழங்கால் போய்விட்டது. ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் ஏற முடியாது. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், தீபாவளிக்கு வருவார். அவரிடம்கூடச் சரியாகக் கேட்காமல் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, வேலையை விட்டதற்கு வந்த காசில் மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கினேன். தைத்தது படங்கு. கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த சீலை அது. செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமல் காக்கும். ஹட்டனில் ஒரு கடைக்காரர் நான் தைத்ததைப் பார்த்துவிட்டு, மழைக்கு எவ்வளவு தந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அந்த 'மழைக்கு' என்கிற சொல்லில்தான் என் தலையெழுத்து இருந்தது. படங்கு விற்பது மழையில். மழையில்தான் கரண்டு போகும். காலால் மிதித்துத் தைக்கலாம் என்றால் முழங்கால் விடாது. இந்த மழையைத் தைத்துக் கடந்துவிட்டால் நான் தையல்காரி. இல்லாவிட்டால் திரும்பவும் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும், எடுத்துக்கொள்வார்களோ என்னவோ. சோலார் எனக்கு வெளிச்சத்துக்கு இல்லை. சோற்றுக்கு.

ஆகவே ஏப்ரல் முதல் வாரம் மிஸ் கலண்டரில் முதல் கோடு போட்டுக் காட்டியபோது ஒழுங்காகவே ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மே கடைசியில் தெற்குப் பக்கத்திலிருந்து மூட்டம் ஏறியது. அரைப்பேர், அரைப்பேர், பேர் இல்லை, அரைப்பேர். இதைக் காட்டினால் கோயிலுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொல்வார். அது போதாதென்று, கம்பெனி குறைத்திருந்த விலை ஜூன் கடைசியோடு முடிகிறது. அதற்கு மேல் என்னால் முடியாது.

ஒருநாள், நிழலே விழாத ஒரு நாள், கலண்டரில் முழுப்பேர் போட்டேன்.

தோட்டத்தில் இதற்குக் கள்ளப்பேர் என்று பெயர். வேலைக்கு வராத ஆளுக்கு வந்ததாகப் போடுவது. அப்படிப் போட்ட கணக்கப்பிள்ளை ஒருவரைப் பற்றி நாங்கள் எத்தனை வருஷம் திட்டியிருக்கிறோம். இப்போது சூரியனுக்கே கள்ளப்பேர் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒன்று போட்டபின் கை கூசவில்லை. ஜூன் மாதம் முழுக்க என் வீட்டுப் பின்வாசலில் அருமையான வெயில்.

ஒன்றை மறந்துபோனேன். எங்கள் லயம் இரட்டை லயம். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் கிழக்கே பார்த்த முன்வீடுகள், இந்தப் பக்கம் மண்மேட்டைப் பார்த்த பின்வீடுகள். என் வீடு பின்வீடு. என் சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதியக்கா. அவருக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க அவர் கூரையில் வைத்த கல் இந்தப் பக்கம் உருண்டு என் தண்ணீர்ப் பீப்பாயை உடைத்தது. அதில் ஆரம்பித்து அவர் என் பிறந்த வீட்டையும் நான் அவர் மருமகளையும் இழுத்து, அத்தோடு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் எனக்குக் கேட்கும். கோழிக்குழம்பு வைத்தால் மணக்கும். பேச்சு மட்டும் இல்லை. அவரும் தன் வீட்டு விளக்குக்காக வெயிலுக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஜூன் கடைசி வாரம் மிஸ் வந்தார். கையில் ஏற்கெனவே ஒரு கலண்டர் இருந்தது. என் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, இரண்டையும் மெஷின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். விரலை வைத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தக் கலண்டரில் பேர் இல்லாத நாட்களைப் பார்த்தேன். அதே நாட்களில் என்னுடையதில் முழுப்பேர்.

"ஒரே கூரைக்கு ரெண்டு சூரியனாக்கா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முகத்தில் அந்த ஆவல் தெரிந்தது. அவர் பின்வாசலுக்குப் போய் கையை விரித்துப் பார்த்தார், மண்மேட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுற்றி நடந்து முன்பக்கம் போய்விட்டு அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"இந்தப் பக்கத்துக் கூரைக்கு நான் தரமாட்டேன்க்கா. மழையில மெஷின் ஓடாது. ஒரு பத்து நாள் பொறுங்க."

"பத்து நாள்ல சூரியன் இந்தப் பக்கமா உதிக்கப்போகுதா? வெலை அதுக்குள்ள முடிஞ்சுரும் மிஸ்."

"வெலைய நான் கேட்டுப் பாக்கிறேன்."

"பத்து நாள் கழிச்சு என்ன ஆகும், அதச் சொல்லுங்க."

"தெரியலையே. நிச்சயமாத் தெரிஞ்சதும் சொல்றேன்."

அந்த 'தெரியலையே' அன்று எனக்கு நெருப்பாக இருந்தது. கள்ளத்தனம் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம், முழங்கால் வலி ஒரு பக்கம், கடைக்காரர் இரண்டு தரம் ஃபோன் எடுத்துவிட்டார். என்னைத் தண்டிக்கத்தான் இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கம்பெனி நோட்டீசில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். ஒரு இளைஞர் பேசினார். அவரிடம் மிஸ்ஸின் பெயரைச் சொல்லி, "லயத்து ஆளுங்கன்னா அவங்களுக்கு எளக்காரம். காசு கட்ட மாட்டோம்னு நெனைச்சு எங்களுக்குத் தரமாட்டேங்கிறாங்க" என்று சொன்னேன்.

லயத்தில் பிறந்த பெண்ணைப் பற்றி லயத்தில் இருந்துகொண்டு நான் சொன்னேன். அந்த இளைஞர் எழுதிக்கொண்டு, நன்றி என்றார்.

மலிவு விலையையும் கம்பெனி கொஞ்ச நாள் நீட்டியிருந்தது. எட்டாம் நாளே இன்னொருவர் வந்தார். தேய்த்த சட்டை, அளவு நாடா, கூட இரண்டு ஆட்கள். வானத்தை ஒரு தரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் என் பின்கூரையில் தகடு ஏறி, பேட்டரி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, மெஷின் ஓடியது. "பழைய மிஸ் வரலையா?" என்று கேட்டேன். "அவங்கள நிப்பாட்டிட்டாங்க. விக்கிறதும் கம்மி, கம்ப்ளைனும் வந்துச்சாம்" என்றார், கம்பியைச் சுருட்டிக்கொண்டே. நான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்று நாள் தைத்தேன். நாலாம் நாள் மூட்டம் இறங்கியது. பதினாறு நாள் என் பக்கத்தில் விலகவில்லை. பேட்டரி முதல் நாள் பாதி வேலைக்கு நின்றது, பிறகு கால் வேலைக்கு, பிறகு பொத்தானை அழுத்தினால் கீ கீ என்று கத்த மட்டும் செய்தது. காலால் மிதித்துப் பார்த்தேன். ஒரு படங்கு முடிக்கும்போது முழங்கால் வீங்கிவிடும். கடைக்காரர் பாதி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதியை ஆடி கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை என்றார்.

அந்தப் பதினாறு நாளில் ஒருநாள் காலை, மூட்டம் சற்று விலகி, முன்வீட்டு வாசலில் வெயில் அடிப்பது தெரிந்தது. என் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் அங்கே அடித்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் லயத்தைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய்ப் பார்வதியக்கா வாசலில் நின்றேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"பார்வதியக்கா, ஒங்க கூரையில என் தகட்டப் போட்டுக்கிறட்டா?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார்.

"இத்தனை நாளு எங்க போன? சோலார் புள்ள அப்பவே வந்து கேட்டுச்சு. மூணு தடவ வந்துச்சு. மொத ரெண்டு தடவ மாட்டேன்னுட்டேன். மூணாவது தடவ சரின்னேன்."

தோட்டத்து ஆபீஸ் கடிதம் அது. கூரை தோட்டத்துச் சொத்து, ஆணி அடிப்பதென்றாலும் தோட்டத்தை நடத்துகிற துரையின் அனுமதி வேண்டும். அந்தத் தேய்த்த சட்டைக்காரர் அதைக்கூடக் கேட்கவில்லை. முன்பக்கக் கூரையில், பின்பக்கத்து வீட்டின் தேவைக்காக, தகடு பொருத்தலாம் என்று என் வீட்டு நம்பரைப் போட்டு எழுதியிருந்தது. கீழே பார்வதியக்காவின் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நான் கம்பெனிக்குப் போன் எடுத்ததற்கு மறுநாள்.

"எங்கிட்ட ஏன் குடுக்கல?" என்றேன்.

"நீயா வந்து கேட்டாத்தான் குடுக்கணும்னுச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கம்பி போகப்போகுது, பேச்சுவார்த்தை இல்லாமப் போனா நாளைக்கு ஒருத்தி புடுங்கி எறிவீங்கன்னுச்சு. நாலு நாளைக்கப்புறம் மறுபடி வந்துச்சு. யாரோ கம்பெனியில புகார் சொல்லிட்டாங்களாம், இனிமே இந்தப் பக்கம் வர முடியாதுக்கான்னு சொல்லிட்டு, கடிதத்த பத்திரமா வச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போச்சு. யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். சொல்லல."

மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் லயத்தில் அவர் தகடு தரமாட்டேன் என்று சொன்ன வீடு என்னுடையது ஒன்றுதான். தெரிந்துகொண்டே கடைசி பஸ்காசைச் செலவழித்து மலையேறி வந்து, எனக்கான கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பார்வதியக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நான்தான் அக்கா அந்த ஆள் என்று சொன்னேன். அவர் முறத்து அரிசியைச் சட்டியில் கொட்டிவிட்டு, "எந்திரி, தகட்ட ஏத்துறதுக்கு ஆளப் பாப்போம்" என்றார்.

இரண்டு நாளில் தகடு முன்கூரைக்கு ஏறியது. காலையில் கிடைக்கிற இரண்டு மூன்று மணி நேர வெயிலில் மெஷின் பகல் வரை ஓடியது. மீதிப் பாதிப் படங்கைக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் தையல்காரிதான், மலைக்குப் போகவில்லை. பார்வதியக்கா வீட்டு விளக்கும் அதே பேட்டரியில்தான் எரிகிறது. எல்லாம் சரியாகிவிட்டது, மிஸ்ஸைத் தவிர.

தேடினேன். அவர் நம்பர் வேலை செய்யவில்லை. கொத்மலைப் பக்கத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார் என்றார் ஒருவர், வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்றார் இன்னொருவர். எதுவும் உறுதியில்லை. வேறு வழி தெரியாமல் நோட்டீசில் இருந்த அந்த நம்பருக்கே மறுபடி போன் எடுத்தேன். அதே இளைஞரின் குரல் போல இருந்தது.

"கம்ப்ளைன் ஏதும் சொல்லணுமா மேடம்?"

"இல்ல தம்பி. ஏற்கெனவே ஒண்ணு சொன்னேன், ரெண்டு மாசத்துக்கு முந்தி. நான் சொன்னது பொய். அத எடுத்துரணும்."

அவர் என் நம்பரைக் கேட்டுக்கொண்டு எதையோ தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லங்க மேடம்" என்றார். "உங்க கம்ப்ளைன் தீர்ந்துருச்சுன்னு போட்டிருக்கு."

நல்ல செய்தியாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.